24,000 ரூபாய்க்குக் குளிர்ந்த காற்று வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். மேடவாக்கத்தில் இருக்கிறேன், சிறுசேரி சிப்காட்டில் வேலை. 2019 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல், மேனுவல் கியர். 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கொஞ்ச நாளாக மூன்றாவது கியரில் முன்பு போல் இழுவை இல்லை. ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் விசாரித்தேன். என்ஜினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றை இழுத்துக் கொடுக்கும் கோல்ட் ஏர் இன்டேக் கிட் போட்டால் 15 எச்.பி. கூடும், மைலேஜும் லிட்டருக்கு 2 கிலோமீட்டர் கூடும் என்கிறார்கள். ஃபிட்டிங் சேர்த்து 24,000 ரூபாய். ஃபில்டர் முன் பம்பருக்குள் கீழே உட்காருமாம். அவ்வளவு வேண்டாம் என்றால், பழைய ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டுக் கோன் ஃபில்டர் மட்டும் 4,500 ரூபாய்க்குப் போட்டுத் தருவார்களாம். நண்பன் காரில் போட்டிருக்கிறான், சத்தமே அருமையாக இருக்கிறது. அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார். எதை வாங்கலாம்? இன்னொன்று: இப்போது இருக்கும் பேப்பர் ஃபில்டரை டயர் கடையில் ஏர் அடித்துச் சுத்தம் செய்து மறுபடி போடுகிறேன். அது சரிதானா?

பதில்: தம்பி, உங்கள் வண்டிக்கு இரண்டுமே வேண்டாம். 4,500 ரூபாய் கோன் ஃபில்டர், டிராஃபிக்கில் வண்டியை இன்னும் மந்தமாக்கும். 24,000 ரூபாய் கிட் ஓரளவு வேலை செய்யும். ஆனால் அது உட்காரப்போகிற இடம், மேடவாக்கத்தில் குடியிருப்பவருக்கு ஆகவே ஆகாத இடம். அதோடு உங்கள் உண்மையான புகார் மூன்றாவது கியர் இழுவை. அதைச் சரிசெய்ய இது மருந்தே இல்லை. கடையில் சொன்னதில் பாதி உண்மையும் கலந்திருப்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்று குளிர்ந்தால் அதன் அடர்த்தி கூடும். அதே அளவு இடத்தில் அதிக ஆக்சிஜன் இருக்கும், அதற்கேற்ப என்ஜினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. அதிக பெட்ரோலைத் தெளிக்கும், பவர் கூடும். நம் ஊர் வெப்பநிலையில் தோராயமாக 3 டிகிரி குறைந்தால் 1 சதவீதம் காற்று கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். சூடான காற்று போனால் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடித்துத் தட்டுவது) வராமலிருக்க ஈ.சி.யூ. ஸ்பார்க் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதிலும் கொஞ்சம் பவர் போகும். இதுவரை கடைக்காரர் சொன்னது சரி.

இப்போது அந்த 15 எச்.பி.க்கு வருவோம். உங்கள் என்ஜின் 1197 சி.சி., கம்பெனி சொல்லும் பவர் 6000 ஆர்.பி.எம்.மில் 83. அதில் 15 கூட வேண்டுமென்றால் 18 சதவீதம் அதிகக் காற்று உள்ளே போக வேண்டும். இப்போது 45 டிகிரிக் காற்று உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் குளிர்ச்சியால் 18 சதவீதம் கூட்ட அந்தக் காற்றை மைனஸ் 4 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். பம்பருக்குள் எந்தக் குழாயைச் செருகினாலும் கத்திரி வெயிலில் சென்னைக் காற்று மைனஸுக்குப் போகாது. டர்போ இல்லாத உங்கள் மாதிரி என்ஜினில், நல்ல கிட்டைச் சரியாகப் பொருத்தினால் கூடுவது ஒன்றோ இரண்டோ எச்.பி. அதுவும் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து, ஆர்.பி.எம். ஐயாயிரத்தைத் தாண்டும்போதுதான்.

கடையில் டைனோ ஷீட் (பவரை அளக்கும் மெஷின் தரும் தாள்) காட்டினால் இரண்டு கேள்வி கேளுங்கள். போனட் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவது ஓட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆறவிட்டார்கள்? போனட்டைத் திறந்து வைத்து, எதிரே பெரிய ஃபேனை ஓடவிட்டால் எந்த ஃபில்டரும் குளிர்ந்த காற்றைத்தான் இழுக்கும். ரோட்டில் போனட் மூடியிருக்கும்.

அடுத்தது, பேச்சிலேயே வராமல் போகும் விஷயம். கோல்ட் ஏர் இன்டேக் உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை என்ஜின் ஆறியிருக்கும்போது போனட்டைத் திறந்து பாருங்கள். ஏர் ஃபில்டர் டப்பாவிலிருந்து ஒரு கறுப்பு பிளாஸ்டிக் குழாய் முன்பக்கம் போகும். அதன் வாய் எங்கே முடிகிறது என்று விரலை விட்டுத் தொடர்ந்து போங்கள். இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் அது கிரில்லின் மேல்விளிம்பிலோ ஹெட்லைட்டை ஒட்டியோ, வெளிக்காற்று நேரே வரும் இடத்தில்தான் இருக்கும். வழியில் எங்கும் போகாத ஒரு மூடிய பெட்டி குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அது ரெசொனேட்டர், காற்று இழுக்கும் சத்தத்தை அடக்குவதற்கு வைத்தது. கிட் விற்பவர்கள் இதைத் தடை என்று சொல்லித்தான் கழற்றுவார்கள். நண்பன் வண்டியில் நீங்கள் கேட்ட அருமையான சத்தம், இந்தப் பெட்டியும் டப்பாவும் போனதால் வெளியே வந்த சத்தம். என்ஜின் எப்போதும் அப்படித்தான் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, இதுவரை நமக்குக் கேட்காமல் மூடி வைத்திருந்தார்கள். சத்தம் கூடியதும் வண்டி வேகமாகப் போவதாக உடம்பு நம்பிவிடும். யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அந்தக் கறுப்புக் குழாய் பிளாஸ்டிக்காக இருப்பதிலும் ஒரு நன்மை இருக்கிறது. பளபளவென்று இருக்கும் அலுமினியக் குழாய் என்ஜின் சூட்டை வேகமாக வாங்கி உள்ளே போகும் காற்றுக்குக் கொடுக்கும், பிளாஸ்டிக் அவ்வளவு கொடுக்காது. ஈ.சி.ஆர். பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு உப்புக் காற்றில் கிளாம்ப் துருப்பிடிப்பது வேறு.

மைலேஜ் 2 கிலோமீட்டர் கூடும் என்பதைப் பற்றி எனக்குத் துளியும் சந்தேகமில்லை, கூடாது. பெட்ரோல் என்ஜினில் காற்றை அளந்து விடுவது த்ராட்டில். ஆபீஸ் போகும் வழியில் நீங்கள் ஆக்சிலரேட்டரைக் கால்வாசிதான் மிதிக்கிறீர்கள், அப்போது காற்றுப் பாதையில் இருக்கும் பெரிய தடையே அந்த த்ராட்டில் தட்டுதான். பாத்ரூம் குழாயைக் கால்வாசி திறந்து வைத்துவிட்டு, மாடித் தொட்டியிலிருந்து வரும் பைப்பைப் பெரிதாக மாற்றினால் வாளி சீக்கிரம் நிறையுமா? இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து வைத்து வண்டிகளை ஓட்டினார்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிகளில் மைலேஜ் மாறவில்லை, முழு ஆக்சிலரேட்டரில் பிக்கப் மட்டும் குறைந்தது. அடைபட்ட ஃபில்டரே மைலேஜைக் குறைக்காதபோது, சுத்தமான ஃபில்டரைக் கழற்றிவிட்டு இன்னொன்று போட்டால் மைலேஜ் எங்கிருந்து கூடும்?

4,500 ரூபாய் கோன் ஃபில்டரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. டப்பாவைக் கழற்றிவிட்டு ஃபில்டரை என்ஜினுக்குப் பக்கத்திலேயே திறந்து வைப்பார்கள், ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் சூடெல்லாம் அதன் மேல்தான் வரும். வெளியே 35 டிகிரி இருக்கும்போது அது 65 டிகிரிக் காற்றை இழுத்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் காற்று குறைகிறது. சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நஷ்டம் அது. சத்தம் மட்டும் கூடுதலாக இருக்கும்.

சரி, 24,000 ரூபாய் கிட். இது வெளிக்காற்றைத்தான் இழுக்கும். ஆனால் ஃபில்டர் எங்கே உட்காருகிறது? பம்பரின் ஓரத்தில், ஃபாக் லேம்ப் இருக்கும் மட்டத்தில், தரையிலிருந்து ஓரடி, ஒன்றேகால் அடி உயரத்தில். உங்கள் வண்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸே 163 மில்லிமீட்டர்தான். கம்பெனிக் குழாயின் வாய் இதைவிட நல்ல உயரத்தில் இருக்கிறது. அந்த உயர வித்தியாசம்தான் ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் என்ஜினைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பரும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அவர்களெல்லாம் ஒரு தடவை பட்டவர்கள். அவ்வளவு பெரிய வெள்ளம்கூட வேண்டாம். சாதாரண மழையில் முழங்காலுக்குக் கீழே நிற்கும் தண்ணீரில் மெதுவாக ஊர்ந்து போகிறீர்கள், எதிரே எம்.டி.சி. பஸ் ஒன்று வருகிறது, அது தள்ளும் அலை உங்கள் பம்பரில் மோதுகிறது. கம்பெனி ஏற்பாட்டில் அது பம்பரோடு போய்விடும். கிட் போட்ட வண்டியில் ஃபில்டர் அந்த அலைக்குள்ளேயே இருக்கும்.

எவ்வளவு தண்ணீர் போனால் என்ஜின் காலி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு சிலிண்டருக்கு 1197 சி.சி. என்றால் ஒன்றுக்கு சுமார் 300. பிஸ்டன் மேலே வரும்போது மிச்சமிருக்கும் இடம் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 மில்லி. காபி டம்ளரில் கால்வாசிகூட இல்லை. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. 30 மில்லிக்கு மேல் தண்ணீர் நிற்கும் சிலிண்டரில் பிஸ்டன் மேலே வந்தால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும்.

இப்படி வந்த வண்டிகளை ஒர்க்‌ஷாப்பில் திறக்கும்போது ஒன்றைப் பார்க்கலாம். ஹெட்டைக் கழற்றியதும் நாலு போரையும் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் துளை) ஒப்பிட்டுப் பார்த்தால், மேல்விளிம்பில் ஒரு கறுப்புக் கார்பன் வளையம் இருக்கும். பிஸ்டன் ரிங் எட்டாத உயரத்தில் படிகிற கறை அது. மூன்று போரில் அது ஒரே அகலத்தில் இருக்க, ஒன்றில் மட்டும் அகலமாகத் தெரிந்தால் அந்தச் சிலிண்டரின் ராட் வளைந்து குட்டையாகிவிட்டது என்று அர்த்தம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சிலசமயம் தண்ணீரை வெளியே எடுத்ததும் வண்டி ஸ்டார்ட்கூட ஆகிவிடும். வளைந்த ராட் கொஞ்ச நாள் ஓடி, ஒருநாள் பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

அதனால் கிட் போட்டாலும் போடாவிட்டாலும் இதை மனதில் வையுங்கள், வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: தண்ணீரில் என்ஜின் அணைந்தால் மறுபடி செல்ஃப் அடிக்கக் கூடாது. ஒரு தடவைகூட. இறங்கித் தள்ளுங்கள், டோ வண்டியைக் கூப்பிடுங்கள். தண்ணீரால் நிற்கும்போது தப்பித்த என்ஜின்கூட, பதற்றத்தில் நாலைந்து தடவை செல்ஃப் அடிக்கும்போது உடைந்துவிடலாம். இன்ஷூரன்ஸிலும் இதே இடத்தில்தான் சிக்கல் வரும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில், தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த என்ஜின் சேதத்தைப் பின்விளைவு நஷ்டம் என்று ஒதுக்கிவிடுவார்கள். என்ஜின் புரொடெக்ட் என்று தனியாக ஒரு ஆட்-ஆன் எடுக்க வேண்டும். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், மேடவாக்கம் முகவரிக்கு அது அவசியம். அதோடு, கம்பெனி இன்டேக்கைக் கழற்றிவிட்டு வேறு ஒன்று போட்டதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் வைத்திருந்தால், சர்வேயர் போனட்டைத் திறந்ததும் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான் இருக்கும். சட்டமும் இதில் தளர்வாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது.

மழையில் தண்ணீர் வந்தால் தானாகத் திறந்துகொள்ளும் பைபாஸ் வால்வு ஒன்றையும் சிலர் சேர்த்து விற்பார்கள். ஃபில்டர் முழுசாக மூழ்கினால் அது உதவும். அதை நம்பி சப்வேயில் வண்டியை இறக்க நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

தண்ணீர் மூன்று மாதக் கவலை என்றால் தூசி வருஷம் முழுக்க. மாதவரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் வரை ஒரு மெட்ரோ தடம், ஓ.எம்.ஆர். நெடுக சிறுசேரி வரை இன்னொன்று. உங்கள் வீட்டிலிருந்து ஆபீஸ் வரை மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில்தான் போகிறீர்கள், நடுவில் எம்-சாண்ட் லாரிகள் வேறு. பறப்பது சாதாரண அழுக்கு இல்லை, கல்தூள். போருக்கும் ரிங்குக்கும் நடுவில் போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்க்கும். நல்ல பேப்பர் ஃபில்டர் இந்தப் பொடியைப் பிடிப்பதில் கெட்டி. இந்தக் கிட்களில் பெரும்பாலும் வரும் எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் காற்றைச் சுலபமாக விடும், ஆனால் அந்தச் சுலபத்துக்குக் கொடுக்கும் விலை பொடித்தூசி. பெயர்பெற்ற பிராண்டு என்றால் வித்தியாசம் கொஞ்சமாக இருக்கலாம். அதே வடிவத்தில் வரும் மலிவான நகல்களில் ஃபில்டர் துணியின் பின்னலே சீராக இருக்காது. கழுவிவிட்டு எண்ணெயை அதிகமாகத் தடவினால் அது காற்றோடு போய், காற்றை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டிகளில் அதன் மெல்லிய கம்பியில் படிந்து காற்றின் அளவைத் தப்பாகச் சொல்ல வைக்கும். டாஷ்போர்டில் என்ஜின் லைட் எரிவது அப்படித்தான். நண்பனிடம் ஒன்று செய்யச் சொல்லுங்கள்: ஃபில்டருக்கு அப்புறம் இருக்கும் குழாயைக் கழற்றி உள்சுவரில் வெள்ளைத் துணியால் ஒரு துடைப்பு துடைக்கட்டும். மணல் நிறத்தில் கறை வந்தால் அவ்வளவும் என்ஜினுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

இனி உங்கள் புகார், மூன்றாவது கியர் இழுவை. இதைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

ஓ.பி.டி. டாங்கிள் ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, போனில் ஒரு ஆப்பைப் போட்டால் என்ஜின் தன் கணக்குகளைத் தானே சொல்லும். பக்கத்து சீட்டில் ஒருவரை உட்காரவைத்து அவரைப் படிக்கச் சொல்லுங்கள், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். இன்டேக் ஏர் டெம்பரேச்சர் என்ற எண் முக்கியம். ஈ.சி.ஆரில் ஒரே வேகத்தில் பத்து நிமிடம் போன பிறகு அந்த எண் வெளிவெப்பத்தைவிட 10 டிகிரிக்குள் மட்டும் கூடுதலாக இருந்தால் கம்பெனி இன்டேக் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, 24,000 ரூபாய்க்கு வாங்க மிச்சக் குளிர்ச்சி அதிகம் இல்லை. சிக்னலில் நிற்கும்போது 55, 60 என்று ஏறும், பயப்பட வேண்டாம், கிளம்பியதும் இறங்கிவிடும்.

மேனிஃபோல்ட் பிரஷர் என்ற எண்ணும் உங்கள் ஆப்பில் வந்தால் இன்னும் நல்லது. சாவி ஆன், என்ஜின் ஆஃப் நிலையில் கடல் மட்டத்தில் இருக்கும் சென்னையில் அது 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்டும். காலியான நேர்ரோட்டில் இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து 5,000 ஆர்.பி.எம். வரை ஒரு தடவை இழுங்கள். மூன்றாவதில் செய்ய வேண்டாம், வேகம் நூறை நெருங்கிவிடும். அந்த உச்சத்தில் 96, 97 என்று காட்டினால் ஃபில்டர், குழாய், த்ராட்டில் எல்லாம் சேர்ந்து மூன்று நாலு சதவீதம்தான் தடுக்கிறது. அந்த மூன்று நாலில் ஒரு பகுதியைத்தான் எந்தக் கிட்டும் மீட்டுத் தரும். 90-க்கு இறங்கினால் பாதை எங்கோ அடைத்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க 24,000 ரூபாய் தேவையில்லை. டப்பாவைத் திறந்தாலே தெரியும். ராத்திரி தெருவில் நிறுத்தும் வண்டிகளில் எலி சீட் பஞ்சைக் கொண்டுவந்து ஏர் டப்பாவுக்குள் கூடு கட்டியிருப்பது நம் ஊரில் சாதாரணம். ஃபில்டரைக் கடித்து ஓட்டை போட்டிருந்தால் அது இன்னும் மோசம்.

பாதை சரியாக இருந்தால் அடுத்து கிளட்ச். 62,000 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் ஊர்ந்தது. நாலாவது கியரில் 40-ல் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் துள்ளி ஏறி, வேகம் பின்னாலேயே மெதுவாக வந்தால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. என் கணிப்பில் உங்கள் வண்டியில் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அப்புறம் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரேக்கை அதிகம் தொடாமல் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு, நாலு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு வீல் மட்டும் அனலாக அடித்தால் அந்த வீலின் பிரேக் விடவில்லை. ஸ்பார்க் பிளக் இதுவரை மாற்றவே இல்லை என்றால் மாற்றுங்கள், த்ராட்டில் பாடியில் கார்பன் இருந்தால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், டயரில் காற்றைச் சரிபாருங்கள். ஏ.சி. போட்டால் இழுவை குறைவது எல்லாச் சின்ன என்ஜினுக்கும் உண்டு, அதை நோயாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கிட் யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுகிறவர்கள் எக்ஸாஸ்ட், கேம், ஈ.சி.யூ. டியூனிங் எல்லாம் சேர்த்துச் செய்யும்போது இன்டேக்கும் மாற்றுவார்கள். அங்கே என்ஜின் நேரம் முழுக்க உச்சத்தில் ஓடும், ஒரு சதவீதத்துக்கும் மதிப்பு உண்டு, ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் கழற்றிப் பார்ப்பார்கள், முழங்கால் தண்ணீரில் ஆபீஸுக்கும் போக மாட்டார்கள். சத்தம் பிடித்திருக்கிறது, அதற்காகத்தான் வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அந்த ஆசையையும் நான் மதிக்கிறேன். வண்டி மேல் பிரியம் இல்லாதவருக்கு அந்தச் சத்தம் காதிலேயே விழாது. ஆனால் உங்கள் வண்டியில் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு என்ஜினைப் பணயம் வைக்கிறீர்கள். அப்படியும் மனம் கேட்கவில்லை என்றால், கம்பெனி டப்பாவையும் குழாயையும் அப்படியே விட்டுவிட்டு அதே அளவில் வரும் நல்ல பிராண்டு ஃபில்டரை மட்டும் உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். வாய் பழைய உயரத்திலேயே இருக்கும். மெட்ரோ வேலை நடக்கும் வரை அதையும் தள்ளிப் போடுங்கள் என்பேன்.

24,000 ரூபாய் கையில் இருக்கிறது, வண்டிக்குத்தான் செலவு செய்வேன் என்றால், கிளட்ச் வழுக்கினால் கிளட்ச் செட். அது நன்றாக இருந்தால் டயரைப் பாருங்கள். 2019-இல் வந்த டயரே இன்னும் ஓடுகிறதென்றால், பட்டன் மிச்சம் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். மழையில் ஈ.சி.ஆர். வளைவில் நீங்கள் நம்பியிருப்பது அதைத்தான். நாலு நல்ல டயர் கிட்டத்தட்ட இந்தக் காசுக்குள் வந்துவிடும். அப்பாவிடமும் இதைச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்.

கடைசியாக, டயர் கடை ஏர். அதை நிறுத்துங்கள். கம்ப்ரஸர் காற்றைக் கிட்டே வைத்து அடித்தால் பேப்பர் மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், அப்புறம் அந்த ஃபில்டர் இருந்தும் பயனில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், பொட்டுப் பொட்டாக ஒளி தெரிந்தால் அன்றைக்கே தூக்கிப் போடுங்கள். தூசி அதிகம் என்றால் அழுக்குப் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து லேசாகத் தட்டினால் போதும். புது ஃபில்டர் சில நூறு ரூபாய்தான். நீங்கள் போகும் ரோட்டுக்கு சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்குப் பாதியிலேயே மாற்றிவிடுங்கள். போடுவதற்கு முன் டப்பாவின் அடியில் கிடக்கும் இலை, மண் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். ஃபில்டரைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு காடியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள், அப்புறம் கிளிப்பைப் போடுங்கள். விளிம்பு ஒரு இடத்தில் மடிந்திருந்தாலும் காற்று ஃபில்டரைத் தொடாமல் அந்த வழியாகவே போய்விடும்.